நெஞ்சு இறுகினால் வாயு என்று விட்டுவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் இதய மருத்துவர். கீமோ என்றதும் இதயத்துக்கு ஆபத்து என்று பலருக்கும் நினைவுக்கு வருவது டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்துதான். உடம்பில் ஏறிய மொத்த அளவு கூடக்கூட இதயத் தசை தளரும் வாய்ப்பும் கூடும். அதனால் முன்கூட்டியே எக்கோ பார்த்து, அளவுக்குக் கணக்கு வைத்துக் கொடுக்கிறோம். சரி, அது பழகிய கதை.

இன்று நான் சொல்ல வந்தது வேறு. குடல் புற்றுநோய்க்கு 5-எஃப்யூ என்றொரு மருந்து தருவார்கள். சிலருக்குச் சின்ன பம்ப்பில் 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். சிலருக்கு அதையே உடம்புக்குள் உண்டாக்கும் கேப்சிடபின் மாத்திரை. அரிதாகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் சுற்றின் முதல் 3 நாட்களுக்குள், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று இறுகிப் பிடித்துக்கொள்ளும். கெண்டைக்கால் பிடிப்பு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வலி மாரடைப்பு மாதிரியே இருக்கும். சில சமயம் மாரடைப்பே வந்துவிடும்.

ஒரு பெண்மணிக்கு மாத்திரை தொடங்கிய மறுநாள் நெஞ்சு இறுகியது. வாயு என்று நினைத்து வெந்நீர் குடித்தார். வலி அடங்கியதும் அடுத்த வேளை மாத்திரையையும் போட்டுக்கொண்டார். வலி திரும்பி வந்தது. எங்களிடம் வந்தபோது ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஆஞ்சியோகிராமில் குழாய்கள் சுத்தம். இதுதான் இந்த நோயின் குணம்: பிடிப்பு விட்டுவிட்டால் தடயமே இருக்காது. மாத்திரைக்கும் வலிக்கும் உள்ள கால இடைவெளியைக் கேட்டபோதுதான் எங்களுக்கே விளங்கியது.

குழாயைத் தளர்த்தும் மருந்து கொடுத்தால் பெரும்பாலோருக்கு வலி அடங்கிவிடும். ஆனால் அதே கீமோவை மறுபடி தொடங்கினால் திரும்ப வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் வேறு மருந்துக்கு மாற்றிவிடுவார்கள். அது புற்றுநோய் மருத்துவரும் நாங்களும் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவு.

ஆக, நெஞ்சு இறுகினால் அடுத்த மாத்திரையைத் தொடாதீர்கள். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் அதோடு அப்படியே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே நிறுத்தச் சொல்வார்கள். வாசலிலேயே மருந்தின் பெயரைச் சொல்லுங்கள், கீமோ சிகிச்சை அட்டையைக் காட்டுங்கள். ராத்திரி பணியில் இருக்கும் மருத்துவர், சுத்தமான ஈசிஜியைப் பார்த்து உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.