கவணா எடுப்பீர்கள் என்று கேட்ட அண்ணனுக்கு

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, இந்நேரம் வரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்து மக்களே, வணக்கம்.

சீன எல்லையில் நம்மைக் காப்பது வான்படையா, மலையில் நிற்கும் சிப்பாயா என்பது தலைப்பு. சிப்பாயே என்று பேச வந்திருக்கிறேன். எழுதிக்கொண்டு வந்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதைப் பேசினாலும் இந்தக் கூட்டம் என்னை விடாது.

அண்ணன் சும்மா பேசவில்லை, கணக்கோடு பேசினார். சீன வான்படையையும் கடற்படை விமானப் பிரிவையும் சேர்த்தால் மூவாயிரத்துக்கு மேல் விமானங்கள், உலகத்தில் மூன்றாவது இடம் என்றார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. ரேடாரில் எளிதில் சிக்காத சீனப் போர் விமானம் ஜே-20, 2011-ல் முதன்முதலாகப் பறந்தது என்றார். சரி. நமக்கு 42 ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் பிரிவுகள் வேண்டும், 2025 செப்டம்பரில் பழைய மிக்-21 போர் விமானம் ஓய்வு பெற்ற பிறகு 29 தான் மிச்சம் என்றார். அதுவும் சரி, அதைக் கேட்டு எனக்கும் வயிற்றைக் கலக்குகிறது. இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார் பாருங்கள். "ஜே-20 தலைக்கு மேல் வந்தால் உங்கள் சிப்பாய் என்ன செய்வார்? கவணை எடுத்துக் கல்லால் அடிப்பாரா?" நீங்கள் கை தட்டினீர்கள். பின்வரிசையில் விசில்கூடப் பறந்தது.

அண்ணே, கல் என்று சொன்னீர்கள். அந்தக் கல்லையே பிடித்துக்கொள்கிறேன்.

2020 ஜூன் 15, ராத்திரி. லடாக்கில் கல்வான் ஆறு. பனி உருகி ஓடும் தண்ணீர், கால் வைத்தால் எலும்பு வரைக்கும் குத்தும். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் ஆறு, நடுவே ஒரு சிறு தடம். அங்கே இரண்டு அணு ஆயுத நாடுகளின் வீரர்கள் மோதினார்கள். எதை வைத்து? ஆணி பதித்த தடி, இரும்புக் கம்பி, அப்புறம் நீங்கள் கேலியாகச் சொன்ன அதே கல். கர்னல் சந்தோஷ் பாபுவோடு சேர்த்து நம் வீரர்கள் 20 பேர் உயிரைக் கொடுத்தார்கள். சீனா தன் பக்கத்தில் 4 பேர் இறந்ததை ஒப்புக்கொள்ளவே எட்டு மாதம் ஆனது.

அந்த ராத்திரி உங்கள் ஜே-20 எங்கே அண்ணே? அதே வருடம் மலைக்கு அந்தப் பக்கம், ஷின்ஜியாங்கின் ஹோட்டான் தளத்தில் அது நின்றதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. கல்வானுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை? 1996-ல் இரண்டு நாடும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. முன்கூட்டித் தகவல் சொல்லாமல் போர் விமானம் அசல் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து, அதாவது இரண்டு படைகளையும் பிரிக்கும் எல்லைக் கோட்டிலிருந்து, 10 கிலோமீட்டருக்குள் பறக்கக் கூடாது. கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் துப்பாக்கியால் சுடவும் கூடாது. அதனால் 10 கிலோமீட்டருக்கு அப்பால் விமானம் நின்றுவிடும், 2 கிலோமீட்டரில் துப்பாக்கியும் நின்றுவிடும். அதற்கு அப்புறம் மிச்சம் இருப்பது மனிதன் மட்டும்தான். அந்த 2 கிலோமீட்டருக்குள்தான் அண்ணே நம் சண்டை முழுவதும் நடக்கிறது. 2017-ல் டோக்லாமில் எழுபத்துச் சொச்சம் நாள் ஆளுக்கு ஆள் நெஞ்சை நிமிர்த்தி நின்றதும், 2022 டிசம்பரில் அருணாசலத்தில் தவாங் பக்கம் யாங்சேயில் கைகலந்ததும் அப்படித்தான்.

தைவானையும் இழுத்தார் அண்ணன். 2021 அக்டோபர் 4-ம் தேதி ஒரே நாளில் 56 சீன விமானங்கள் அந்தத் தீவின் வான் பாதுகாப்பு மண்டலத்துக்குள் வந்தன. வந்தன, திரும்பிப் போயின. தைவான் அதே இடத்தில் இருக்கிறது. மிரட்டுவதற்கு இறக்கை போதும். மண்ணைப் பிடிப்பதற்குக் கால் வேண்டும்.

அப்புறம் திபெத்தில் இருக்கும் விமானத் தளங்களை வரிசையாகச் சொன்னார். நல்லது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். ங்காரி குன்சா தளம் 4,274 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லிசு. எஞ்சினுக்கு மூச்சு முட்டும், இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும். மேடேறும்போது சைக்கிள்காரர் பின்னால் இருக்கும் மூட்டையை இறக்கி வைப்பார் இல்லையா, அந்த மாதிரி எரிபொருளையோ குண்டையோ குறைத்துக்கொண்டுதான் அங்கிருந்து கிளம்ப முடியும். நம் தேஸ்பூர், ஹாசிமாரா விமானத் தளங்கள் சமவெளியில் இருக்கின்றன, முழுச் சுமையோடு எழும்பலாம். இதைச் சமாளிக்கச் சீனாவும் நீள ஓடுபாதை போடுகிறது, நடுவானில் எரிபொருள் நிரப்புகிறது. அது வேறு கதை. மலை விமானத்தை மட்டுமா சோதிக்கிறது? அங்கே நிற்கும் நம் பையனையும் அதே காற்றுதான் சோதிக்கிறது. அவன் எந்தச் சுமையை இறக்கி வைப்பான்?

இனி அண்ணனுடைய பெரிய அஸ்திரம். கல்வானுக்குப் பிறகு நம் வான்படை 68,000 பேரைக் கிழக்கு லடாக்குக்குக் கொண்டுபோய் இறக்கியது என்றார். தொண்ணூறு டாங்கிகளும் போயின என்றார். சபாஷ். நான் கேட்கிறேன், ஏற்றிக்கொண்டு போனது யாரை? (சத்தமாகச் சொல்லுங்கள்!) சிப்பாயை! விமானம் மட்டுமே போதும் என்றால் விமானம் தனியாகப் போயிருக்கலாமே. 68,000 பேரை எதற்கு ஏற்ற வேண்டும்? எதிரணியின் பெரிய சாட்சியே எங்களுக்காகப் பேசுகிறது, நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஒரு மலைக்கு உங்களை அழைத்துப் போகிறேன். மெதுவாகத்தான் போவேன். மணி அடித்தாலும் நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரெசாங் லா. லடாக்கில் சுஷூலுக்குப் பக்கம், பதினாறாயிரம் அடி உயரம். 1962 நவம்பர் 18, இன்னும் விடியவில்லை. 13-ஆவது குமாவுன் படையின் சார்லி கம்பெனி அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 120 பேர், பெரும்பாலும் ஹரியானா பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பனியைப் பார்த்துப் பழகாதவர்கள். தலைவர் மேஜர் ஷைத்தான் சிங். கையில் பழைய .303 ரைபிள். நம் பீரங்கிகள் பின்னால் இருக்கின்றன, ஆனால் நடுவில் மலை முகடு மறைப்பதால் குண்டு இங்கே வந்து உதவாது. அவர்கள் எதைக் காத்து நின்றார்கள் தெரியுமா? கீழே சுஷூலில் இருந்த விமான ஓடுபாதையை. அண்ணே, நீங்கள் சொன்னீர்களே, ஏஎன்-12 சரக்கு விமானம் டாங்கிகளைக் கொண்டுவந்து இறக்கியது என்று, அந்த ஓடுபாதையைத்தான்! உங்கள் விமானம் இறங்குவதற்கு இடம் வைத்திருந்தது எங்கள் சிப்பாய்!

சீனர்கள் அலை அலையாக வந்தார்கள். அந்த 120-ல் 114 பேர் அங்கேயே விழுந்தார்கள். பிழைத்துக் கீழே வந்தவர்கள் சொன்னதை முதலில் யாரும் நம்பவில்லை. இத்தனை பேர் கடைசி வரை நின்று செத்தார்களா என்று கேட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பனியில் அவர்களைக் கண்டார்கள். நின்ற இடத்தில், படுத்த இடத்தில் அப்படி அப்படியே உறைந்திருந்தார்கள். ரைபிள் கையை விட்டுப் போகவில்லை. மார்ட்டர் என்ற சிறு பீரங்கிப் பிரிவில் ஆயிரம் குண்டுகள் இருந்தன. எத்தனை மிச்சம்? ஏழு. மற்ற அத்தனையும் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். அடுத்த குண்டைக் கையில் பிடித்தபடியே ஒருவர் உறைந்து கிடந்தார்.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? இன்னொரு தடவை சொல்கிறேன். ஆயிரத்தில் ஏழு. அந்த ஏழையும் போடாமல் விட்டதற்குக் காரணம், போடுவதற்குக் கையில் உயிர் இல்லை.

துப்பாக்கி ஏந்தாத ஒருவரும் அங்கே இருந்தார். காயத்துக்கு மருந்து போடும் உதவியாளர். அவரைக் கண்டபோது ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் கட்டுத்துணி. தம்மைக் காத்துக்கொள்ள அவர் எங்கும் ஓடவில்லை. பக்கத்தில் விழுந்தவனுக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா, அக்கா, உங்களைத்தான் கேட்கிறேன், அந்தப் பிள்ளையைப் பெற்றவள் யார்?

அன்றைக்குப் போர் விமானம் வந்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்று அண்ணன் எழுந்து கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மிடம் போர் விமானங்கள் இருந்தன. பதிலுக்கு நம் நகரங்கள் மீது குண்டு விழும் என்று அஞ்சி, அனுப்ப வேண்டாம் என்று டெல்லி முடிவு செய்தது. விமானத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று ஓர் அறையில் உட்கார்ந்து யோசிக்கலாம். மலை மேல் நிற்பவனுக்கு அந்த யோசனைக்கே நேரம் கிடையாது.

இத்தோடு முடிந்ததா? இல்லை! 2020 ஆகஸ்ட் 29, 30 நடு இரவு. கல்வான் நடந்து இரண்டரை மாதம். பேச்சுவார்த்தை நகரவில்லை. நம் வீரர்கள் இருட்டில் மலை ஏறினார்கள். எந்த மலை? அதே ரெசாங் லா! பக்கத்தில் ரெச்சின் லா, கைலாசத் தொடரின் முகடுகள். 114 பேர் விழுந்த அதே இடத்துக்கு அவர்களுடைய பேரன் வயதுப் பையன்கள் ஏறிப்போய் நின்றார்கள். விடிந்தால் கீழே மோல்டோவில் சீன முகாம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. அதுவரை அசையாத பேச்சுவார்த்தை அசைந்தது. 2021 பிப்ரவரியில் பாங்காங் ஏரியின் இரண்டு கரையிலிருந்தும் இரண்டு பக்கமும் பின்வாங்கின. நம் ரஃபேல் போர் விமானம் 2020 ஜூலையிலேயே அம்பாலாவில் வந்து இறங்கியிருந்தது, பெருமைதான். ஆனால் முகட்டைப் பிடித்தது கால். அந்த ஏற்றத்தில் நம்மோடு திபெத்திய வீரர்களும் ஏறினார்கள். நாடு இழந்து வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களில் ஒரு படைத்தலைவர் பழைய கண்ணிவெடியில் கால் வைத்து உயிர்விட்டார். லேயில் அவர் உடலுக்கு இரண்டு கொடி போர்த்தினார்கள், ஒன்று இந்தியாவுடையது, ஒன்று திபெத்துடையது.

அண்ணே, இவ்வளவு நேரம் உங்களிடம் சண்டை போட்டேன். இனிமேல் என்னால் முடியாது. காரணம் இந்த ஊர்.

கடுக்கலூர். நம் மாவட்டம்தான், இங்கே பாதிப் பேருக்கு வழி தெரியும். ஹவில்தார் பழனி அந்த ஊர்க்காரர். 81-ஆவது பீல்டு ரெஜிமென்ட், பீரங்கிப் படை. இருபது வருடத்துக்கு மேல் பட்டாளத்தில் இருந்தவர். ஒரு மகன், ஒரு மகள். சம்பாதித்துச் சேர்த்த காசில் புது வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு அவரால் வர முடியவில்லை, லடாக்கில் இருந்தார். வீட்டில் பால் காய்ச்சிய அதே ஜூன் மாதம் கல்வானில் விழுந்த அந்த இருபது பேரில் அவரும் ஒருவர். விமானம் வந்தது அண்ணே. மதுரைக்கு வந்தது, அவரைக் கொண்டுவந்தது. அங்கிருந்து ராத்திரி ரோட்டில் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடம் டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் அவருடைய மனைவி வீர சக்ரா விருது வாங்கினார்.

யார் பெரியவர், வான்படையா தரைப்படையா என்று அந்த வீட்டு வாசலில் போய் நின்று என்னால் கேட்க முடியாது. அண்ணனாலும் முடியாது. வான்படைக்குப் போனவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள், தீர்ப்புக்கு முன்னால். இந்தத் திடலில் பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் இருப்பீர்கள். இந்த மாவட்டத்தில் இல்லாமல் இருக்காது. எந்தப் படையாக இருந்தாலும் சரி. கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் அம்மா. கூச்சப்படாதீர்கள். அதோ, இடது பக்கம் ஒருவர் எழுந்துவிட்டார். பாட்டி, நீங்களுமா? பேரனா? பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து எழுப்பிவிடுங்கள். அண்ணே, வாருங்கள், நீங்களும் மைக்குக்கு முன்னால் வாருங்கள். இரண்டு அணியும் சேர்ந்து கும்பிடலாம்.