பத்திரத்துக்குள் புனிதர்கள்

(எங்கள் ஊர் நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, நேரமில்லை என்று சொல்லிவிட்டும் முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்திலும் பாதியைப் பேசிவிட்ட பேராசிரியர் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவும் வந்திருக்கிறார். அவரை வைத்துக்கொண்டு பத்திரத்தைப் பற்றிப் பேசக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ரோம், பாரிஸ், இத்தாலியில் இருக்கும் ரவென்னா என்று மூன்று ஊர்ப் பத்திரங்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன். மூன்றும் லத்தீன் பத்திரங்கள். அவற்றுக்குள் புனிதர்களைத் தேடப்போகிறேன்.

புனிதர்களைப் பற்றி அறிய எல்லோரும் புரட்டுவது அவர்களுடைய வாழ்க்கை வரலாறுகளை. அவற்றில் பல, காலம் கடந்து எழுதப்பட்டவை; ஆளுக்கு ஒரு புதுமை சேர்த்திருப்பார்கள். சொத்து எழுதுகிறவனுக்கு அந்தக் கவலை கிடையாது. இன்ன நிலம், இன்னார் கொடுத்தது, இன்ன ஆலயத்துக்கு, அவ்வளவுதான். அந்த ஆலயத்தின் பெயரில் ஒரு புனிதர் இருந்துவிட்டால், அந்தக் காலத்தில் அந்த ஊரில் அவருக்குக் கோயில் இருந்தது, அதை நம்பிச் சொத்து எழுத ஆளும் இருந்தது என்று தெரிந்துவிடும். சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

முதலில் ரோம். 604 ஜனவரியில், தாம் இறப்பதற்கு ஏறத்தாழ ஒன்றரை மாதம் முன்பு, திருத்தந்தை பெரிய கிரகோரி ஒரு கடிதம் எழுதினார். அக்குவே சால்வியே என்ற பண்ணை நிலத்தைப் புனித பவுல் பேராலயத்தின் விளக்குச் செலவுக்கு ஒதுக்கச் சொன்னார். பவுல் உயிர்விட்ட நிலம் அவருக்கே விளக்கேற்றாமல் இருப்பது பொருந்தாது என்பது அவர் சொன்ன காரணம். பவுல் வெட்டுண்ட இடம் எது என்று அன்றைய ரோம் நம்பியதற்கு இது நல்ல சாட்சி. இதைச் சலவைக்கல்லில் வெட்டி வைத்தார்கள். கல் இன்றும் அந்தப் பேராலயத்தில் இருக்கிறது. அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு 96 ஆடு விட்ட சோழர் காலக் கல்வெட்டைப் படித்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

அடுத்தது பாரிஸ். அம்மாமார்கள் கொஞ்சம் கவனியுங்கள், இது உங்கள் கதை. ஏறத்தாழ 600-இல் எர்மினெத்ரூடு என்று ஒரு சீமாட்டி உயில் எழுதினார். சாதாரண உயிலா அது! பாரிஸ் நகரத் திருச்சபைக்கு 50 தங்கக் காசு பெறும் வெள்ளித் தட்டு. புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு ஒரு தங்க மோதிரம். புனித ஜெர்வாசியுசுக்கு இன்னொரு தங்க மோதிரம். அதில் அந்த அம்மாவின் பெயரே பொறித்திருக்கிறது. கல்வெட்டு வெட்டச் செலவாகும், மோதிரம் கைவசம் இருக்கிறது. புனிதர் தன் பெயரை மறந்துவிடக் கூடாது பாருங்கள்! (சிரிப்பு.) அப்புறம் அடிமைகள் பலருக்கு விடுதலை. இதையெல்லாம்விட என்னை உலுக்கியது அந்த வண்டி. அவர் மகன் தெயோரொவால்டு தாய்க்கு முன்பே இறந்து, புனித சிம்போரியன் ஆலயத்தில் அடக்கமாகியிருந்தான். தான் வழக்கமாக உட்கார்ந்து போகும் வண்டியை, மாடுகளோடும் மெத்தை விரிப்புகளோடும், மகனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக அந்த ஆலயத்துக்கே எழுதிவைத்தார். வீட்டில் இறந்த பிள்ளையை நினைவூட்டும் ஒரு பொருளைப் பார்க்கும்போதெல்லாம் பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைய பாரிஸில் எந்தெந்தப் புனிதருக்குக் கோயில் இருந்தது என்ற பட்டியலை நமக்குத் தருவது எந்த ஆயரும் அல்ல, இந்தத் தாய்.

இந்த உயில் எழுதியிருப்பது பாப்பிரஸ் என்ற நாணல் தாளில். தொட்டால் உதிரும் சரக்கு. பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள புனித தெனிஸ் மடத்துக்காரர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் இன்று பாரிஸ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான். நம் ஊரில் வெள்ளையடிப்பு வந்தால் முதலில் வெளியே போவது பழைய காகிதக் கட்டு. ஞானஸ்நானப் பதிவேடு, நன்கொடைச் சீட்டு, கோயில் கணக்கு எல்லாம் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகின்றன. பங்குத்தந்தை என்னைப் பார்க்கிறார். சாமி, உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று இந்த மேடையில் எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! நான் கேட்பது இந்த நூலகத்தின் பின்பக்க அறை, இரண்டு இரும்பு பீரோ, ஒரு ஸ்கேனர். வட்டாட்சியர் அம்மா தலையசைத்ததாக எழுதிக்கொள்ளலாமா?

ரவென்னாவுக்கு வருகிறேன். 551-இல் புனித அனஸ்தாசியா ஆலயத்துக் கோத்திய (ஜெர்மானிய இனங்களில் ஒன்று) குருக்கள் கடனை அடைக்கச் சதுப்பு நிலத்தை விற்ற பத்திரம் அது. நாலு பேர் கோத்திய மொழியிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாள் இப்போது நேப்பிள்ஸில் இருக்கிறது... சரி, தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். பீரோவுக்கான கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். வீட்டில் பழைய பத்திரம் இருப்பவர்கள் மூலத்தைத் தர வேண்டாம், நகல் எடுக்க விட்டால் போதும். நன்றி, வணக்கம்.