மழை ரோட்டில் இருசக்கர வண்டி

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் நம் ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு யோசனை சொல்வார்கள்: "மழைக்காலம் வந்துருச்சு, டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சு வைங்க, ரோட்டுல நல்லாப் பிடிக்கும்." இது மணலில் வண்டி ஓட்டியவர்களின் அனுபவம். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் வேன்கள் மணலிலும் சேற்றிலும்தான் போய்வந்தன. காற்றைக் குறைத்தால் டயர் பரந்து உட்கார்ந்து, மணலில் புதையாது. அங்கே அது சரி.

ஈரமான தார்ச்சாலையில் டயருக்கு வேலை வேறு. டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீரைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு ரப்பர் தாரைத் தொட வேண்டும். பிதுக்கும் பலம் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்திலிருந்து வருகிறது. டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் அந்த அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய இடத்தில் 16 இருந்தால் அந்த வேகம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஆகவே மழைக்காலத்தில் காற்றைக் குறைக்கவே கூடாது. பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, ஒருவர் மட்டும் போனால் பின்னால் 28, 29 என்று வரும். பின்னால் ஆள் ஏறினால் கூட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டிலோ வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். டயர் சூடாகும் முன், காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தேய்மானம். டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. (TWI, தேய்மான அடையாளம்) என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளக்கோட்டுக்குள் விரலை விட்டால் சின்ன மேடு தட்டுப்படும். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 0.8 மில்லிமீட்டர்தான். சட்டப்படி அதுதான் கடைசி எல்லை. மழைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பேன். ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றுவது நல்லது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலை நேராக ஓடுவதால் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து தட்டையாகிறது. ஓரத்தில் பள்ளம் நன்றாகத் தெரியும். "டயர் இன்னும் இருக்கே" என்று ஏமாந்துபோவோம். நேராகப் போகும்போது தண்ணீரைத் தள்ள வேண்டிய இடமே மொட்டையாக இருக்கும். வளைவில் சாய்த்தால் தட்டையும் ஓரமும் சேரும் விளிம்பில் வண்டி திடுக்கென்று சாயும்.

பள்ளம் ஆழமாக இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். நம் வெயிலில் நாளான ரப்பர் இறுகி, ஈரத்தில் பிடிக்காது. புது டயரும் முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வழுக்கும். அதுவரை நிதானம் தேவை. வாட்டர் சர்வீஸில் டயருக்குப் பாலீஷ் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி ரோடு. அதிகம் வழுக்குவது விடாமல் கொட்டும் மழையில் அல்ல, தொடங்கிய முதல் அரைமணி நேரத்தில். பல மாதம் படிந்த எண்ணெயும் தூசியும் ஈரத்தில் குழம்பி மேலே வந்துவிடும். பாம்பன், மண்டபம் பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் மழையில்லாத நாளிலும் கொழகொழவென்று கிடக்கும். அதில் மீன் கொழுப்பும் செதிலும் இருப்பதால் வெறும் தண்ணீரைவிட மோசம். சாயல்குடியிலிருந்து உள்ளே திரும்பினால் டிராக்டர் சக்கரம் இழுத்துவந்த கரிசல் மண். தனுஷ்கோடி ரோட்டில் காற்று கொண்டுவந்து தூவிய மணல். அதன்மேல் பிரேக் பிடிப்பது சிமெண்டுத் தரையில் சிந்திய கேழ்வரகின்மேல் ஓடுவது போலத்தான். வெள்ளைக்கோடு, இரும்பு மூடி, ரயில் தண்டவாளம் எல்லாம் ஈரத்தில் எதிரிதான். இவற்றைச் செங்குத்தாக, வண்டியைச் சாய்க்காமல், பிரேக்கும் பிடிக்காமல் ஆக்சிலேட்டரும் முறுக்காமல் கடக்க வேண்டும்.

பாம்பனில் 1988-இல் திறந்த இந்திரா காந்தி பாலத்துக்கும் இதே விதிதான். அங்கே இணைப்புகளில் இரும்புப் பட்டை. கூடவே காற்று. வாடை அடிக்கும் நாளில் ராமேஸ்வரம் நோக்கிப் போனால் இடது பக்கமிருந்து தள்ளும். பஸ்ஸோ லாரியோ காற்றை மறைத்துவிட்டு விலகும் நொடியில் வண்டி ஓர் அடி நகர்ந்துவிடும். கைப்பிடியை இறுக்கினால் தள்ளாட்டம் கூடும். முழங்காலால் டேங்கை அணைத்து, கைகளைத் தளர்த்தி, 40-ஐத் தாண்டாமல் போங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காய்ந்த தாரில் உராய்வு எண் சுமார் 0.7, ஈரத்தில் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபின் காய்ந்த ரோட்டில் 20 மீட்டர் ஓடி நிற்கும் வண்டி, ஈரத்தில் 35 மீட்டர் ஓடும். பிரேக்குக்குக் கை போவதற்குள்ளேயே ஒரு நொடியில் 17 மீட்டர் போயிருக்கும். ஆக முன்னால் 50 மீட்டருக்கு மேல் காலியிடம் வேண்டும்.

முன் பிரேக் பிடித்தால் கவிழும் என்ற பயம் நம் ஊரில் அதிகம். பிரேக் பிடிக்கும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது. பின் சக்கரம் லேசாகி, அதை மட்டும் மிதித்தால் பூட்டிக்கொண்டு வழுக்கும். கவிழ்ப்பது முன் பிரேக் அல்ல, அதை வெடுக்கென்று இழுப்பதுதான். எடை முன்னால் வந்து உட்காருவதற்குள் இழுத்தால் சக்கரம் நின்றுவிடும். முதலில் லேசாகத் தொட்டு, முன் போர்க் (முன் ஷாக் அப்சார்பர்) அமுங்கியது தெரிந்தபின் மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். கூடவே பின் பிரேக்கும் அளவாக. முன் சக்கரம் பூட்டியதாகத் தோன்றினால் உடனே விட்டு மறுபடி பிடியுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பின் வந்த 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உண்டு. நேராகப் போகும்போது அது காப்பாற்றும். சாய்ந்திருக்கும்போது அதை நம்பாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஆக்சிலேட்டரை ஒரே சீராக வையுங்கள். கியரை இறக்கினால் கிளட்சைப் பொத்தென்று விட வேண்டாம். பின் சக்கரம் அதிலேயே சறுக்கும்.

தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால் டிரம் பிரேக் நனைந்து கொஞ்ச நேரம் பிடிக்காது. வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே லேசாகப் பிரேக்கை உரசவிட்டால் சூட்டில் காய்ந்துவிடும். பிடிப்பு திரும்பியது தெரிந்தபின் வேகம் எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, செயின் காய்ந்தபின் எண்ணெய் விடுங்கள். விடும்போது பின் டயரில் ஒரு சொட்டும் படாமல் நடுவில் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.