பெயருக்கு நேரே வெற்றுக் கட்டங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்று புரியும். எந்தப் பிள்ளையும் ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. முதலில் அறுவடை வாரத்தில் நாலு நாள் வராது. அப்புறம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இரண்டு நாள். திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். புரியாத வகுப்பில் எத்தனை நாள்தான் உட்கார்ந்திருக்க முடியும்? கொஞ்ச நாளில் அந்தப் பெயருக்கு நேரே வெற்றுக் கட்டங்கள்தான் மிஞ்சும்.

"பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அருமை தெரியும். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கூலியில்தான் இந்த வாரம் அடுப்பு எரிய வேண்டும். கட்டணமே இல்லாத பள்ளிக்கும் அந்தக் குடும்பம் ஒரு விலை கொடுக்கிறது. பிள்ளை கொண்டுவராமல் போகும் கூலிதான் அந்த விலை.

1997ல் மெக்சிகோ அரசு இந்தக் கணக்கை நேராகவே போட்டுப் பார்த்தது. பொருளியலாளர் சாந்தியாகோ லெவி முன்னின்று வடிவமைத்த அந்தத் திட்டத்தின் பெயர் புரோகிரேசா. பிள்ளை மூன்றாம் வகுப்புக்கு வந்ததும் உதவித்தொகை தொடங்கும். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும். பிள்ளை வளர வளர வெளியே கிடைக்கும் கூலியும் ஏறுகிறதே! மேல்வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பணம் தாயின் கைக்கே போகும். நூற்றுக்கு 85 நாளாவது பிள்ளை பள்ளிக்கு வந்திருக்க வேண்டும்.

ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320க்கு முதலில் கொடுத்து, மீதி 186ஐக் காத்திருக்க வைத்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். தொடக்கப் பள்ளியில் பெரிய மாற்றம் இல்லை. அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருந்தார்கள். பலன் தெரிந்தது அடுத்த படியில், தொடக்கப் பள்ளி முடித்து மேலே போகும் இடத்தில். அதிலும் பெண் பிள்ளைகளிடம் கூடுதலாக. மேல்வகுப்புப் பள்ளி பல நேரம் வேறு ஊரில் இருக்கும். வழிச்செலவு உண்டு, வழியைப் பற்றிய பயமும் உண்டு. பிள்ளை கைநழுவிப் போகும் இடம் அதுதான்.

சரி, இத்தனை நாள் வந்தால்தான் பணம் என்ற நிபந்தனை வேண்டுமா? மலாவி நாட்டின் சோம்பா மாவட்டத்தில் வளரிளம் பெண்களிடம் இரண்டு விதமாகவும் செய்து பார்த்தார்கள். வருகையைக் கட்டாயமாக்கிய இடத்தில் பள்ளியில் நிலைத்தவர்கள் அதிகம். ஆனால் நிபந்தனை இல்லாமல் பணம் வந்த இடத்தில், பள்ளியை விட்டு நின்றுபோன பெண்களிடையே இளவயதுத் திருமணமும் கருத்தரிப்பும் நன்றாகக் குறைந்தன. யோசித்துப் பாருங்கள். படிப்பு நின்ற அன்றே பணத்தையும் நிறுத்தினால், அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன வழி மிஞ்சும்?

மொராக்கோவின் கிராமப் பகுதிகளில் நடந்த தைசிர் திட்டம் எனக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு பிரிவுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. சிறு தொகைதான், ஆனால் "இது பிள்ளையின் படிப்புக்கு" என்று சொல்லி, பள்ளி வழியாகவே பதிவுசெய்து கொடுத்தார்கள். பள்ளியை விட்டு நிற்பது பெருமளவு குறைந்தது. நிபந்தனை போட்ட பிரிவு இதைவிட மேலாக ஒன்றும் செய்துவிடவில்லை.

அதனால் என் கருத்து இது: பிள்ளை வரவில்லை என்றால் பணத்தை வெட்டாதீர்கள், வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள். தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் யாரோ நோயாகக் கிடப்பார்கள், அல்லது வேலை போயிருக்கும். பணம் மிகவும் தேவைப்படும் மாதம் அதுதான்.

பணம் வரும் நாளும் முக்கியம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 2005ல் மாதத் தொகையின் ஒரு பகுதியை எடுத்துவைத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கை நேரத்தில் மொத்தமாகக் கொடுத்தார்கள். மாதாமாதம் கைக்கு வந்தது குறைந்தும் வருகை குறையவில்லை. அடுத்த ஆண்டு பள்ளியில் சேர்ந்தவர்களும் கூடினார்கள். நகரத்தில் நடந்த சோதனைதான். ஆனால் செருப்பும் சீருடையும் நோட்டும் ஒரே வாரத்தில் வாங்க வேண்டிய நெருக்கடி கிராமத்து வீட்டிலும் அதே வாரத்தில்தானே வருகிறது!

வணக்கம்.