படத்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

(வடசென்னையில் பெண்களுக்காக நடந்த புகைப்படப் பயிற்சி ஒன்றின் நிறைவு நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் காசிமேட்டு அக்காமார்களுக்கும், எண்ணூரிலிருந்து பஸ் மாறி வந்திருக்கும் அம்மாக்களுக்கும் முதல் வணக்கம். பின்வரிசையில் கேமராவோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளைப் பார்த்துத்தான் இன்றைக்கு நான் அதிகம் பேசப் போகிறேன். அக்காமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

காசிமேடு துறைமுகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போனவர்களுக்குத் தெரியும். ஏலம் கூவுகிற சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், நடுவே பெரிய பெரிய லென்ஸோடு ஒரு கூட்டம். கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அம்மாவின் முகத்துக்கு நேராக கேமரா நீளும். அவருக்கு வஞ்சிரம் என்ன விலைக்குப் போகிறது என்ற கவலை. எடுத்தவர் அடுத்த முகத்துக்குப் போய்விடுவார். அந்தப் படம் எங்கே போனது, யார் பார்த்தார்கள், கீழே என்ன எழுதினார்கள் என்பது அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. இப்படித்தான் வடசென்னை என்றாலே புகைபோக்கி, கொடுங்கையூர் குப்பைமேடு, சாக்கடை, சுருக்கம் விழுந்த ஒரு முகம் என்று ஆகிப்போனது. இவை எதுவும் பொய் இல்லை. ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணிடம் உங்கள் தெருவைப் படம் எடுங்கள் என்று சொன்னால், அவர் முதலில் எடுப்பது இவற்றை அல்ல.

பயிற்சியில் ஒரு அக்கா தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்த குடங்களை எடுத்திருந்தார். ஆட்கள் யாரும் இல்லை, பிளாஸ்டிக் குடங்கள் மட்டும். பார்த்ததும் எனக்குத் தெரிந்தது நிறங்கள்தான். அவர் அந்தப் படத்தின்மேல் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போனார்: இது மாடி வீட்டுக் குடம், அவர்கள் கீழே வரமாட்டார்கள், பிள்ளையை அனுப்புவார்கள். கழுத்தில் துணி கட்டியிருப்பது விரிசல் விட்டது. கடைசியில் தனியாக இருக்கிற பச்சைக் குடத்துக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்தான் இரண்டு நாளாக அதையும் சேர்த்து வரிசையில் வைக்கிறார். ஒரு தெருவே அந்தப் படத்துக்குள் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் எடுத்ததால்தான் அது அங்கே இருந்தது.

1936இல் கலிபோர்னியாவில் டொரோதியா லாங்கே என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்த ஒரு தாயின் படம் உலகம் முழுக்கத் தெரியும். நெற்றி சுருங்கி, கன்னத்தில் கை வைத்து, தோளில் பிள்ளைகள் சாய்ந்திருக்க உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணின் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 1978இல். ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். லாங்கே கெட்டவர் இல்லை. ஏழைகளின் நிலை அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டும் என்று உண்மையாகவே பாடுபட்டவர். நல்ல மனசோடு எடுத்த படத்திலும், படத்தில் இருப்பவருக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போகலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வேறு வழியும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர் 62 கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்தார்கள். பெண்கள் தங்கள் அன்றாடத்தை எடுத்தார்கள், உட்கார்ந்து அவற்றைப் பற்றிப் பேசினார்கள், பிறகு அதிகாரிகளை வரவழைத்துக் காட்டினார்கள். வயலுக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்ப்பது, பிரசவத்துக்கு மருத்துவச்சி எங்கே, பெண் பிள்ளை படிப்புக்கு என்ன வழி என்ற கேள்விகள் அங்கே எழுந்தன. 'போட்டோவாய்ஸ்' என்று இன்று உலகமெங்கும் சொல்லப்படும் முறை அங்கிருந்து வளர்ந்தது. நம் நாட்டிலும் இது புதிதில்லை. அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் பெண்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் உட்பட, 1984லேயே வீடியோ கேமராவைக் கையில் எடுத்தார்கள். தெலங்கானாவின் பஸ்தாபூரில் தலித் விவசாயப் பெண்கள் தங்கள் விதைகளைப் பற்றித் தாங்களே படம் எடுக்கிறார்கள். இங்கே நம் பகுதியில் எம். பழனிக்குமார் போன்ற புகைப்படக்காரர்கள் பிள்ளைகளுக்கு கேமராவைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கேமராவைக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். எடுப்பதைவிடப் பெரிய அதிகாரம் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. நூறு படத்தில் எந்தப் பத்து வெளியே போகும், அதன் கீழே என்ன எழுதப்படும், எது யாருக்குமே காட்டப்படாது என்பதைப் பயிற்சி கொடுக்கும் நாமே முடிவு செய்தால், அக்காமார்கள் நமக்காகச் சம்பளமில்லாமல் படம் எடுத்துக் கொடுத்தவர்கள் ஆகிவிடுவார்கள்.

அதனால் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுப் பாயில் பரப்பினோம். மொபைலில் தள்ளித் தள்ளிப் பார்த்தால் தேர்வு நடக்காது. கையில் எடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் காட்ட வேண்டும், கவிழ்த்து வைக்க வேண்டும். மீன் வெட்டித் தரும் ஒரு அக்காவை அவருடைய தோழி எடுத்த படம் ஒன்று இருந்தது. தார்ப்பாய் ஓட்டை வழியாக வெளிச்சம் தோளில் விழுந்திருந்தது. எந்தக் கண்காட்சியிலும் முதல் சுவரில் மாட்டுவார்கள். அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். "நைட்டியோட இருக்கேன். பையனுக்குப் பொண்ணு பாத்துனு இருக்கோம், அவங்க பாத்தா இன்னா நினைப்பாங்க?" என்றார். அவர் எடுத்துவைத்தது கொஞ்சம் ஆடிப்போன படம். அதில் அவருடைய எலக்ட்ரானிக் தராசு தெளிவாகத் தெரிந்தது. மகளிர் குழுக் கடனில் வாங்கியது. கடைசித் தவணை கட்டி முடித்த வாரத்தில் எடுத்த படம் அது. கீழே "என் தராசு, கடன் முடிஞ்சது" என்று எழுதச் சொன்னார். அந்தப் படம்தான் சுவருக்குப் போகிறது. மற்றது அவர் பீரோவுக்குள் போய்விட்டது. ஃபைலும் அவரிடம்தான் இருக்கிறது.

எண்ணூரில் இது இன்னொரு விதமாக நடந்தது. கொசஸ்தலை ஆற்றில் இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தளவு தண்ணீருக்குள் நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததைப் போடும் பறி என்ற கூடை வாயில் இருக்கும், பல்லால் கடித்திருப்பார்கள். இவர்கள் எப்படி கேமரா பிடிப்பது? அதனால் அவர்கள் சொல்ல, நாங்கள் எடுத்தோம். ஒரு அம்மா கரையேறியதும் இரண்டு கையையும் நீட்டினார். "மூஞ்சி வேணாம். இத எடு, கெளுத்தி குத்துனது. இத எடு, கிளிஞ்சல் கிழிச்சது." அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆறு மேடாகிக் கிடப்பதை எந்த இடத்தில் நின்று எடுத்தால் தெரியும் என்றும் அவர்தான் காட்டினார். கூட்டாகப் படம் எடுப்பது என்றால் எப்போதும் கேமரா கைமாற வேண்டும் என்பதில்லை. எதை எடுப்பது என்ற முடிவு கைமாற வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப்போனது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் பக்கத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அழுகிற முகங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. வர வேண்டியதுதான். ஆனால் கேமராக்கள் போன பிறகும் வலையில் எண்ணெய் இருந்தது, ஆற்றில் இறால் இல்லை. நிவாரணம் கேட்டுப் போனால், படகு உள்ளவருக்குக் காட்டப் படகு இருக்கிறது. கையால் இறால் பிடிக்கிற பெண்ணுக்கு, தன் தொழிலும் தொழில்தான் என்று காட்ட என்ன இருக்கிறது? தேதி போட்டு அவரே வைத்திருக்கும் படங்கள் அங்கே உதவும். அந்தக் கைகளின் படத்தை அந்த அம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். கேமரா யாருடையது என்பது கணக்கில்லை. கூலி கொடுத்து எடுக்கச் சொன்னால், வேலைக்கு வைத்து எடுத்தால், எழுதிக் கொடுத்துவிட்டால் நிலைமை மாறும். அதனால் அக்காமார்களே, பயிற்சி என்று சொல்லி யாராவது ஆங்கிலத் தாளை நீட்டினால், தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள், ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் மாட்டுவதற்குக் கொடுத்த சம்மதம் இணையத்தில் போடுவதற்கு ஆகாது. இணையத்துக்குப் போனதை முழுசாகத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டியது எங்கள் கடமை. உங்கள் அரை நாள் வியாபாரத்துக்குப் பணம் கொடுப்பதும்தான்.

தம்பி தங்கைகளே, முகத்தை மங்கலாக்கிவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்காதீர்கள். நம் சந்துகளில் வாசல் கோலம், கதவின் பெயின்ட், புடவை, பச்சை குத்திய கை, எதை வைத்தும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோடு பள்ளி, குடும்பம், வசிக்கும் பகுதி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவில் சிறை உண்டு. குடிகாரப் புருஷனிடம் அடி வாங்குகிற பெண்ணுக்கு இப்படித் தனிப் பிரிவு இல்லை. அவருக்கு நாம்தான் காவல். மொபைலில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் எடுத்த இடமும் கூடவே போகலாம். அடிபட்ட கதையைச் சொல்ல விரும்பிய ஒருவர் உடைந்த வளையல்களை மட்டும் எடுத்தார், அதுவும் வேறு வீட்டுத் தரையில் வைத்து. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவரிடம் கற்றுக்கொண்டேன்.

கண்காட்சி அரங்கில் வேண்டாம், தெருவில் வையுங்கள் என்று அக்காமார்கள் கேட்டிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை, மீன் வியாபாரம் முடிந்த பிறகு, சந்து முனையில் கயிறு கட்டிப் படங்களைத் துணி கிளிப்பில் மாட்டப் போகிறோம். வார்டு கவுன்சிலரையும் கூப்பிட்டிருக்கிறோம், தண்ணீர் லாரிப் படத்துக்கு முன்னால் நின்று பேச ஐந்து பேர் தயாராக இருக்கிறார்கள். வருகிறவர்கள் படங்களை மொபைலில் எடுக்க வேண்டாம். வேண்டுமென்றால் எடுத்தவரிடமே கேளுங்கள், அவர் அங்கேதான் நிற்பார். நன்றி, வணக்கம்.