மஞ்ச பஸ் நின்னா நாமளும் நிக்கணுமுங்க

(ஏற்காடு அடிவாரத்துல டாக்ஸி, டூவீலர் ஓட்டுறவங்களும் பெத்தவங்களும் வந்திருந்த கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் வணக்கமுங்க. சவாரிக்கு போறவங்க நிறைய பேரு உக்காந்திருக்கீங்க, சுருக்கா முடிச்சுக்கறேன்.

ஸ்கூல் பஸ்ல ஏதாச்சும்னா உடனே டிரைவரைத்தான் திட்டுவோம். ஆனா அவங்களுக்கு ரூல்ஸ் எக்கச்சக்கம். 2012ல தாம்பரம் பக்கம் பஸ் ஓட்டை வழியா ஒரு சின்னப் பொண்ணு விழுந்து செத்துச்சே, அதுக்கப்புறம் ஸ்கூல் பஸ்ஸுக்குன்னே தனி ரூல்ஸ் வந்துச்சு, வருஷா வருஷம் ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓ வரிசையா நிக்க வெச்சு எமர்ஜென்சி டோர், படிக்கட்டு, ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ்னு ஒன்னொன்னா பாக்கறாங்க. பஸ்ஸுக்கு பின்னாடி வர்ற நம்மள யாரு செக் பண்றா?

பஸ் ஓடறப்ப புள்ளைங்க உள்ள பத்திரமாத்தான் இருக்காங்க. நிக்கறப்பதான் வம்பே. புள்ள இடது பக்கம் இறங்கும், வீடு எதிர்ப்பக்கம் இருந்தா பஸ் மூக்கை ஒட்டியே சுத்தி வரும், நாம வலது பக்கமா ஏறி போறோம், முதல்ல வாட்டர் பாட்டில்தான் தெரியும், புள்ள தெரியறப்ப வண்டி பக்கத்துல இருக்கும். 40ல போனாலே ஒரு செகண்டுக்கு 11 மீட்டருங்க, கால் பிரேக்குக்கு போறதுக்குள்ள பஸ் நீளத்தை தாண்டிடுவோம். 60ல போறவனை பத்தி பேசவே வேணாம்.

அமெரிக்காவுல பஸ் சைடுல ஸ்டாப் போர்டு நீளும், சிவப்பு லைட்டு எரியும், பின்னாடி வர்றவன் மட்டுமில்ல, டிவைடர் இல்லாத ரோட்டுல எதிர்ல வர்றவனும் நின்னே ஆகணும். இங்க நமக்கு ஸ்டாப் போர்டு ஆயாம்மா கைதான். ஒரு கையில எல்கேஜி புள்ள, இன்னொரு கைய ரோட்டுக்கு நீட்டிட்டு நிக்கறாங்க, அந்த கைக்கு கீழயே குனிஞ்சு பைக்க உட்டுட்டு போறான் ஒருத்தன், ஹாரன் வேற!

மலை மேல கதையே வேற. 20 கொண்டை ஊசி வளைவு, பஸ் திரும்பறப்ப மொத்த ரோட்டையும் எடுத்துக்கும், பின் வீல் உள்பக்கமா வெட்டும், அந்த சந்துல பைக்க சொருகாதீங்க. ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்கறவங்க நின்னு கொடுங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டிட்டு வர்றாங்க பாருங்க, அவங்க நிக்கணும்னு நெனச்சாலும் சூடேறின பிரேக்கு புடிக்காது. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பனி இறங்கிடுச்சுன்னா டிம்முல லைட்ட போடுங்க, பிரைட்டு போட்டா வெள்ளையா அடிச்சு ஒன்னுமே தெரியாது.

பெத்தவங்களுக்கும் ஒன்னு, கோவிச்சுக்காதீங்க. ரோட்டுக்கு அந்தப்பக்கம் நின்னுட்டு "கண்ணு, வா வா"ன்னு கைய ஆட்டறீங்க. அம்மா கூப்பிட்டா புள்ள ரோட்டையா பாக்கும்? நீங்க கிராஸ் பண்ணி இந்தப்பக்கம் வந்து பஸ் படிக்கிட்ட நில்லுங்க, பஸ் கிளம்பினதும் ரெண்டு பக்கமும் நல்லா தெரியும், அப்புறம் கைய புடிச்சு கூட்டிட்டு போங்க. வேலைக்கு போறவங்க பாட்டிகிட்டயும் இத சொல்லி வெச்சிருங்க, சாயங்காலம் அவங்கதானே வந்து நிக்கறாங்க.

போதுமுங்க, அடுத்து டிராஃபிக் சார் பேசட்டும்.