யூரியாவில் பிறக்கும் மஞ்சள் தூள்

நேயர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவ நெல் பயிரிடுகிறவர்கள் வீட்டில் யூரியா மூட்டை இல்லாமல் இராது. நாற்று வேர் பிடித்தபின் மேலுரமாக வீசும் அந்த வெள்ளைக் குருணையை மூடியிட்ட பீங்கான் மூசையில் இட்டு, மின்னுலையில் 550 பாகை செல்சியசுக்குச் சூடேற்றிச் சில மணி நேரம் வைத்திருந்தால், கடலை மாவைப் போன்ற வெளிர்மஞ்சள் தூள் ஒன்று கிடைக்கிறது. கார்பன் நைட்ரைடு என்பது அதன் பெயர். நீரில் கலந்து வெளிச்சத்தில் வைத்தால் ஹைட்ரஜனை வெளிவிடச் செய்யும் இந்தத் தூளைப் பற்றி, கல்லூரி ஆய்வகத்தில் அதனோடு பழகியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உரக்கடை யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பதால் ஆய்வகத்திற்குத் தூய யூரியாவைத் தனியாக வாங்குகிறோம். சூடேறும்போது அது உருகி, அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே, கார்பனும் நைட்ரஜனும் மாறிமாறி அமைந்த வளையங்களாகக் கோத்துக்கொள்கிறது. அந்த வளையங்கள் இணைந்து தாள்களாகி, தாள்மேல் தாளாக அடுக்கிக்கொள்கின்றன. பத்து கிராம் யூரியாவில் அரை கிராம் தூள் தேறினாலே நல்ல விளைச்சல் என்போம். ஒருமுறை மாணவர் ஒருவர் மூடியை மறந்துவிட்டார். மாலையில் உலையைத் திறந்தபோது மூசையின் அடியில் மஞ்சள் கறை மட்டுமே இருந்தது, மற்றதெல்லாம் ஆவியாகிப் போய்விட்டது.

பொருள் புதிதன்று. ஜெர்மானிய வேதியியலர் லீபிக் 1834-ஆம் ஆண்டிலேயே இதன் நெருங்கிய உறவான ஒன்றுக்கு மெலான் என்று பெயரிட்டார். ஆனால் ஒளியைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க இது உதவும் என்பதை, ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் வாங் சின்ச்சென், அன்டோனியெட்டி ஆகியோரும் ஜப்பானின் டோமென் முதலியோரும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரைதான் உலகுக்குக் காட்டியது. அதற்கு முன் இத்துறையில் முதன்மையாக இருந்தது டைட்டானியம் டை ஆக்சைடு. 1972-இல் புஜிஷிமாவும் ஹோண்டாவும் அதைக் கொண்டு நீரைப் பகுத்துக் காட்டியிருந்தனர். அதன் குறை என்னவென்றால், புற ஊதாக் கதிரை மட்டுமே அது உட்கொள்ளும். நம் ஊர் சித்திரை வெயிலானாலும் அதில் புற ஊதாவின் பங்கு நூற்றுக்கு நான்கைந்துதான். கார்பன் நைட்ரைடோ கண்ணுக்குத் தெரியும் ஊதா, நீல ஒளியையும், அதாவது ஏறத்தாழ 460 நானோமீட்டர் வரையிலான அலைகளையும், உட்கொள்கிறது. நீலத்தை அது எடுத்துக்கொள்வதால்தான் எஞ்சியது நமக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

ஒளி பட்டதும் தூளினுள் ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் துளை என்கிறோம். எலக்ட்ரான் நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனியைச் சென்றடைந்தால் ஹைட்ரஜன் வாயு பிறக்கும். துளை நீரோடு வினைபுரிந்தால் ஆக்சிஜன் பிறக்கும். நீரைப் பகுக்கக் குறைந்தது 1.23 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் என்றிருக்க, இந்தத் தாவலின் உயரம் சுமார் 2.7, கணக்குப்படி தாராளமாகப் போதும். ஆனால் புறப்பட்ட எலக்ட்ரான்களில் பெரும்பாலானவை, வேலைக்குக் கிளம்பியவர் தெருமுனையிலிருந்தே வீடு திரும்புவதைப் போல, மேற்பரப்பை எட்டுமுன் துளையிலேயே விழுந்துவிடுகின்றன. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் இந்தத் தூள் மெல்லிய நீல ஒளி வீசும். மாணவர்கள் ஆசையோடு படம் எடுத்துக்கொள்வார்கள். எனக்கோ அந்த ஒளியெல்லாம் ஹைட்ரஜனாகாமல் வீணான எலக்ட்ரான்களாகத் தோன்றும்.

இந்த இழப்பைக் குறைக்கவே தாள்களைப் பிரித்து மெல்லியதாக்குகிறார்கள், கந்தகமோ பாஸ்பரசோ சிறிது சேர்க்கிறார்கள், எலக்ட்ரான்களை இழுத்துப் பிடிக்க மேற்பரப்பில் பிளாட்டினத் துணுக்குகளைப் பதிக்கிறார்கள். இதில் மலிவான தூள், விலையுயர்ந்த பிளாட்டினத்தின் தயவில் நிற்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மறைக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு, அதுவே என் பேச்சின் முக்கியப் பகுதி. பெரும்பாலான சோதனைகளில் தூய நீரைப் பயன்படுத்துவதில்லை. டிரைஎத்தனாலமீன் போன்ற ஒரு பொருளை நீரில் கலக்கிறார்கள். துளைகள் நீரை விட்டுவிட்டு அந்தப் பொருளையே சிதைக்கின்றன. துளைகள் தீர்ந்துபோவதால் எலக்ட்ரான்களுக்கு வழி கிடைத்து ஹைட்ரஜன் தாராளமாக வருகிறது, ஆனால் ஆக்சிஜன் வருவதில்லை. துறையில் இப்படிச் சிதையும் பொருளைப் பலிப்பொருள் என்றே சொல்கிறோம். ஒரு லிட்டர் ஹைட்ரஜனுக்கு அரை லிட்டர் ஆக்சிஜன் வராதவரை நீரைப் பகுத்துவிட்டோம் என்று சொல்வது, என் கருத்தில், சரியல்ல.

டோமென் குழுவினரே 2021-இல், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்ற வேறொரு வினையூக்கியைக் கொண்டு, 100 சதுர மீட்டர் பரப்பில் பலகைகள் அமைத்து, இரண்டு வாயுக்களையும் சேர்த்தே பெற்று, பிறகு சவ்வினால் பிரித்துக் காட்டினார்கள். சூரிய ஆற்றலில் 0.76 சதவீதம் ஹைட்ரஜனாயிற்று. சூரியத் தகட்டு மின்சாரத்தைக் கொண்டு மின்னாற்பகுப்பு செய்யும் முறை பத்து சதவீதத்தைக் கடக்கக்கூடியது. எனவே கங்கைகொண்டானிலோ கயத்தாற்றிலோ சூரியத் தகடுகளுக்குப் பதிலாக இந்தத் தூளைப் பரப்பலாம் என்று இன்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும், தகடும் கம்பியும் மின்பகுப்புக் கருவியும் இல்லாமல், ஒரே தொட்டியில் வேலை முடியும் என்பதே இதன் ஈர்ப்பு.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது பலிப்பொருள் இல்லாத நீரில் சோதித்து வருகிறோம். ஹைட்ரஜன் மிகச் சிறிதளவே வருகிறது. ஆக்சிஜன் தென்படும்போதெல்லாம், அது நீரிலிருந்து வந்ததா, குழாய் இணைப்பில் கசிந்த காற்றா என்ற ஐயம் எழும். கூடவே நைட்ரஜன் நான்கு மடங்கு அளவில் ஏறியிருந்தால் அது வெறும் காற்றுதான். சென்ற வாரம் பார்த்தது காற்று. இணைப்புகளை மாற்றியிருக்கிறோம்.

வணக்கம்.